பெட்டிக்குள் நூறு சதவீதம்

எமர்ஜென்சி விளக்கைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு எலெக்ட்ரிக் கடை வாசலில் நின்றிருந்தேன். கடைக்காரர் சூடான சால்டரிங் அயர்னை ஈயக் கம்பியில் தொட்டார். மெல்லிய புகை எழுந்தது. பிசின் கருகுவது போன்ற அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுபத்தொரு வயதில் ஒரு பழைய விளக்கைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிற ஆளைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற கவலையில், "ஒண்ணுமில்லைங்க, ஒரு நண்பர் ஞாபகம்" என்றேன். அவர் கேட்கவே இல்லை.

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றதுல ஒங்கள மிஞ்ச ஆள் கெடையாது வாத்தியாரே" என்று சொல்லியிருப்பீர்கள்.

உங்களை நான் முதலில் அறிந்தது முதுகாகத்தான். வலங்கைமானிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் பஸ்ஸை நீங்கள் ஓட்டினீர்கள். நான் தாராசுரத்தில் ஏறி, பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்தப் போவேன். எப்போதும் உங்கள் இருக்கைக்கு நேர் பின்னால்தான் உட்காருவேன். ஆபத்து வந்தால் டிரைவர் தன் பக்கத்தைக் காப்பாற்றத்தான் வண்டியைத் திருப்புவார், ஆகவே அவர் பின்னால் இருப்பதே பாதுகாப்பு என்று எங்கோ படித்திருந்தேன். பல வருடம் கழித்து இதை உங்களிடம் சொன்னபோது முதுகைச் சொறிந்துகொண்டீர்கள். பிறகு, "அதான் முதுகு எப்பவும் குறுகுறுன்னே இருந்துச்சு" என்றீர்கள்.

அந்த நாட்களில் நான் பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் முன்பே வந்து நிற்பேன். நீங்கள் ஜன்னல் வழியாகக் குனிந்து, "சார் நிக்கிறது நேத்துப் போன பஸ்ஸுக்கா, நாளைக்கு வர்ற பஸ்ஸுக்கா?" என்று கேட்பீர்கள். பஸ்ஸே சிரிக்கும். எனக்குக் காது சூடாகிவிடும். ஆனாலும் மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து நின்றேன். நீங்கள் லீவு போட்ட நாட்களில் அந்தக் கேள்வி இல்லாமல் பயணம் நீளமாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு உங்கள் கூட்டாளிகள் சிலர் ஆடு வளர்த்தார்கள். சிலர் குத்தகைக்கு நிலம் எடுத்தார்கள். நீங்கள் ஒரு பழைய டூரிங் மோட்டார் சைக்கிளை வாங்கி வந்தீர்கள். எருமைக் கிடா மாதிரி கறுப்பாக, கனமாக இருந்தது. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. நின்ற இடத்தில் அது ஒரு சிறிய தபால் ஆபீஸ் போலத் தெரிந்தது. எதற்கு இது என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"வேலைக்குச் சேந்ததுலேருந்து காவேரிய பாலத்து மேலதான் தாண்டிருக்கேன் வாத்தியாரே. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஆறு தடவை. ஒரே ஒரு தடவை அது கூடவே போகணும். பூம்புகார்ல ஆரம்பிச்சு தலைக்காவேரி வரைக்கும்."

அதற்குக் குறுக்கே நின்றது உங்கள் மனைவி ஸ்டெல்லா. குறுக்கே என்று சொல்வது நியாயமில்லை. அவருக்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு ஓர் ஐப்பசி மழையில் உங்களை நாகப்பட்டினம் பக்கம் வண்டி எடுக்க அனுப்பினார்கள். வழியில் வெள்ளம் சாலையை மூடி, பஸ் மேட்டில் நின்றுபோனது. இரண்டு நாள் உங்களிடமிருந்து தகவல் இல்லை. ஸ்டெல்லா டிப்போ வாசலில் இரண்டு நாளும் நின்றிருக்கிறார். நீங்கள் திரும்பி வந்து, "பயணிகளுக்கு அங்கயே கஞ்சி காச்சிக் குடுத்தாங்க, நல்லா இருந்துச்சு" என்றீர்களாம். அந்தக் கஞ்சியை அவர் கடைசி வரை மன்னிக்கவில்லை.

ஆகவே அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எங்க வேணாப் போங்க. ஆனா போன் அணையக் கூடாது. மேப்புல ஒங்க புள்ளி ஓடிக்கிட்டே இருக்கணும். புள்ளி காணாமப் போச்சுன்னா பயணம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

உங்கள் போனோ கிழட்டுப் போன். மேப்பை ஓட விட்டால் இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும். ஸ்டெல்லா பவர் பேங்க் வாங்கித் தந்தார். அதைச் சார்ஜ் போட நீங்கள் மறந்தீர்கள். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டவும் மறுத்தீர்கள். "ஸ்டீரிங்கப் புடிச்சா போனத் தொடறதில்ல, அது என் சர்வீஸ் கொள்கை" என்றீர்கள். மிஞ்சியது ஒரே வழி. வண்டியின் பேட்டரியிலிருந்து பின் பெட்டிக்கு மின்சாரம் கொண்டுபோய், போனை அதற்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். போகும் வழியெல்லாம் அது சார்ஜ் ஆகிக்கொண்டே வரும்.

"நமக்கென்ன கவலை, எலெக்ட்ரிக்கல் வாத்தியாரு இருக்காரு" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னீர்கள். நானும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் பல்லில் தட்டியது.

இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். பணிக்காலம் முழுவதும் மின்னோட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேனே தவிர, ஓர் ஒயரைக்கூட நானாக இணைத்ததில்லை. ஆய்வகத்தில் அதையெல்லாம் உதவியாளர் பார்த்துக்கொள்வார். நான் இரண்டடி தள்ளி நின்று விளக்குவேன். வீட்டில் பல்பு போனால் ஸ்டூலில் ஏறுவது என் மனைவி கமலா. கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு பாதுகாப்பு விதிகளைச் சொல்வது நான். "ஸ்டூலப் புடிச்சாப் போதும், வாயை மூடிக்குங்க" என்பாள். இதை உங்களிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை. அந்த மாதிரி யாரும் என்னைப் பார்த்ததும் இல்லை.

ஒரு நாள் வேலைக்கு ஒன்பது நாள் வலங்கைமானுக்கு வந்தேன். முதல் நாள் படம் மட்டும்தான். நாலு தாளில் வரைந்து, நான்கு நிற மையால் குறித்து, உங்கள் வீட்டுத் தரையில் விரித்தேன். நீங்கள் சுற்றி வந்து பார்த்தீர்கள்.

"இது என்ன வாத்தியாரே, மேட்டூர் டேம் பிளானா?"

பேட்டரிக்கு அருகில் ஒரு ஃபியூஸ் வேண்டும் என்றேன். எங்காவது ஒயர் உரசி மின்சாரம் தப்பு வழியில் பாய்ந்தால், வண்டி எரிவதற்கு முன்னால் ஃபியூஸ் எரியும் என்று விளக்கினேன். இரவெல்லாம் யோசித்துவிட்டு மறுநாள் வந்து, அதற்குப் பின்னால் இன்னொரு ஃபியூஸ் வைத்தேன். மூன்றாம் நாள் பெட்டிக்குள் ஒன்று.

"மூணு எதுக்கு?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"மொதல்ல ஒண்ணு செத்தா மத்த ரெண்டும் அழுவுறதுக்கா?"

பிறகு ரிலே. சாவியைத் திருப்பினால்தான் பெட்டிக்கு மின்சாரம் போக வேண்டும், சாவியை எடுத்தால் நிற்க வேண்டும், அதற்கு இருக்கைக்கு அடியில் இந்தச் சின்னக் கறுப்பு டப்பா என்றேன். நீங்கள் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, "அப்ப இவன்தான் கண்டக்டர். விசில் குடுத்தாத்தான் வண்டி நகரும்" என்றீர்கள். ரிலேவைப் பற்றி என் வகுப்பில் நான் அவ்வளவு தெளிவாக ஒரு நாளும் சொன்னதில்லை.

ஈயம் வைத்த நாள்தான் மோசம். நீங்கள் ஒயரைப் பிடித்துக்கொள்ள, நான் சால்டரிங் அயர்னை எடுத்தேன். என் கை நடுங்கிய நடுக்கத்தில் சூடான முனை ஒயரைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் தொட்டது. உங்கள் கட்டைவிரல் உட்பட. "அய்யோ" என்று அலறியது நான். நீங்கள் விரலை வாயில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அதே ஒயரை மறுபடி நீட்டினீர்கள். "கை நடுங்குனா நடுங்கட்டும். ஒட்டுனது நிக்குதா, அத மட்டும் பாருங்க." இழுத்துப் பார்த்தீர்கள். நின்றது.

கடைசியாக, பெட்டியின் உள்பக்கம். நம் ஊர்ச் சாலையில் போன் குதித்துக் குதித்து இணைப்பு கழன்றுவிடுமே என்று எனக்குப் பயம். கமலாவிடம் பழைய மெத்தையைக் கேட்டு வாங்கி, இரண்டு அங்குல ஸ்பாஞ்சு வெட்டி, பெட்டியின் ஆறு பக்கமும் ஒட்டினேன். நடுவில் போன் அளவுக்குக் குழி. உங்கள் போனுக்கு ஒன்று, என் போனுக்கு ஒன்று. வண்டி நின்றாலும் சார்ஜ் இறங்காமல் இருக்க, ஸ்டெல்லா தந்த பவர் பேங்கையும் அடியில் சேர்த்துவிட்டேன். மூடினால் உள்ளே இருப்பது அசையாது. தண்ணீர் நுழையாது. தூசி நுழையாது. சத்தமும் வெளியே வராது என்பதை நான் ஒரு பெருமையாகவே உங்களிடம் சொன்னேன். பெட்டி இனிக் கடகடக்காது என்ற அர்த்தத்தில்.

ஸ்டெல்லா ஒரு சோதனை ஓட்டம் கேட்டார். பூம்புகார் போய்த் திரும்ப வேண்டும். புள்ளி ஒரு முறைகூட அணையாவிட்டால் தலைக்காவேரிக்குச் சம்மதம். "ஒயரு குடுத்தவரு கூட வரணும்" என்று நீங்கள் சொல்லிவிட்டதால் பின் இருக்கையில் நான். அன்று காலை ஐந்து மணியிலிருந்தே ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தேன் என்று கமலா இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள். அது உண்மையல்ல. ஐந்தரை.

உங்கள் வீட்டு வாசலில் ஸ்டெல்லா இரண்டு போன்களையும் தன் கையாலேயே குழிகளில் வைத்தார். பூட்டினோம். அவர் தன் போனைப் பார்த்து, "புள்ளி இருக்கு. போயிட்டு வாங்க" என்றார்.

பெரிய வண்டியில் பயணம் செய்வது இவ்வளவு சுகம் என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் உங்கள் கை தானாக வேகத்தைக் குறைத்தது. மயிலாடுதுறை தாண்டி ஒரு நிறுத்தத்தில் ஓர் அம்மாள் தூரத்தில் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினார். நீங்கள் ஓரங்கட்டி நிறுத்தி, "எங்கம்மா போகணும்?" என்றீர்கள். அவர் வண்டியை, பெட்டிகளை, ஹெல்மெட்டுக்குள் என்னை, வரிசையாகப் பார்த்தார். "எடமில்லையேப்பா" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

பூம்புகாரில் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, மணலில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு படகின் ஓரமாக வண்டியை நிறுத்தினீர்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். பக்கத்திலேயே ஒரு மீனவப் பெண் அடுப்பு வைத்து மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் எத்தனை துண்டு சாப்பிட்டீர்கள் என்று ஸ்டெல்லாவிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை. பிறகு படகின் நிழலில் துண்டை விரித்து, "ஒரு பத்து நிமிசம் வாத்தியாரே" என்று மல்லாந்து படுத்தீர்கள். உங்கள் பத்து நிமிடம் எனக்குத் தெரியும். நான் வண்டிக்குக் காவலாக உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பெட்டியிலிருந்து. ர்ர்ர், ர்ர்ர் என்று மிக மெல்லியதாக, ஸ்பாஞ்சுக்குள் ஒரு வண்டு மாட்டிக்கொண்டது போல. சிறிது நேரத்தில் நின்றது. மறுபடி வந்தது. என் ரிலே! ரிலே துடிக்கிறது! சாவியோ உங்கள் பையில். சாவி இல்லாமல் ரிலே துடிக்கிறது என்றால், நான் படித்த படிப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கோ மின்சாரம் திருட்டுத்தனமாகப் பாய்கிறது. இது சூடாகும். பிறகு எரியும். பெட்ரோல் டேங்கு இரண்டடி தூரத்தில்.

உங்களை எழுப்பிச் சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்திருக்கலாம். ஆனால் தூங்குகிற மனிதரை எழுப்பி, "நான் வைத்த ஒயர் தப்பு" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நானே சரி செய்துவிட்டால் உங்களுக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். இருக்கையைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, முதல் ஃபியூஸைப் பிடுங்கினேன். ர்ர்ர். இரண்டாவதைப் பிடுங்கினேன். ர்ர்ர். ரிலேவையே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ரிலே என் கையில் இருக்க, பெட்டிக்குள் ரிலே துடித்தது. நான் கற்றுக்கொடுத்த மின்னியல் அந்த மணலில் அன்று முடிந்தது.

செய்ய வேறெதுவும் தெரியாதபோது நான் எழுதிக்கொள்வேன். பையிலிருந்து நோட்டை எடுத்து, கோளாறு தோன்றும் நேரங்களைக் குறிக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு முப்பத்து நான்கு. பன்னிரண்டு முப்பத்தொன்பது. பன்னிரண்டு நாற்பத்து மூன்று. இரண்டு மணிக்குள் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அது எனக்கு இன்னும் கிலியாக இருந்தது.

ஒரு கார் மணலின் விளிம்பில் வந்து நின்றது. ஸ்டெல்லா இறங்கினார்.

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிந்திருக்கும் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். பதினோரு மணியிலிருந்து மேப்பில் உங்கள் புள்ளி ஒரே இடத்தில். கரை ஓரம் என்பதால் அது நீல நிறத்தின் மேல், அதாவது தண்ணீருக்குள் இருப்பதாகக் காட்டியிருக்கிறது. உங்கள் போனுக்குப் பதில் இல்லை. என் போனுக்கும் பதில் இல்லை. வாடகைக் காரைப் பிடித்து, வழியெல்லாம் இரண்டு எண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டு வந்து இறங்கினால், நீங்கள் மணலில் அசையாமல் மல்லாந்து கிடக்கிறீர்கள். தலைமாட்டில் வண்டி இருக்கை கழன்று கிடக்கிறது. நான் கையில் பிடுங்கிய ஃபியூஸும் ரிலேவுமாக நிற்கிறேன்.

"மாதாவே!" என்று அவர் அலறியதில் மீன் பொரித்த பெண் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். "என்ன ஸ்டெல்லா, நீயும் வந்துட்டியா? மீன் சாப்புடுறியா?"

அவர் உங்கள் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். பெட்டியைத் திறந்தார். இரண்டு குழிகளில் இரண்டு போன்கள், பத்திரமாக, ஆடாமல் அசையாமல் படுத்திருந்தன. இரண்டும் சத்தம் போடாத அதிர்வு நிலையில் இருந்தன. உங்களுடையது டிரைவர் பழக்கத்தால். என்னுடையது, பொது இடத்தில் மணி அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்பதால். அவர் தன் போனிலிருந்து ஒரு முறை அழைத்தார். குழிக்குள் உங்கள் போன் ர்ர்ர் என்றது.

அந்த நேரத்தில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் பேச வேண்டிய இடத்தில் பேசாத நான், அன்று பேசினேன்.

"சார்ஜ் நூறு சதவீதம் இருக்குங்க."

ஸ்டெல்லா மணலில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரோ என்று நான் ஒரு கணம் ஆசைப்பட்டேன். இல்லை. பிறகு என் நோட்டு அவர் கண்ணில் பட்டது. வாங்கிப் பார்த்தார். தன் போனையும் பார்த்தார்.

"நான் கூப்புட்ட நேரத்தையெல்லாம் ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கீங்களே சார். இவ்ளோ கரெக்டா எழுதுனவரு ஒரு தடவ எடுத்துப் பேசிருக்கலாமே சார்!"

உங்களுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததும் அவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "தலைக்காவேரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வண்டிய வித்துடுங்க."

நீங்கள் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். திரும்பும் வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தில்கூட வேகம் குறையவில்லை. அப்போதுதான் எனக்கு உங்கள் வருத்தத்தின் அளவு புரிந்தது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் நான் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வண்டி தார்ப்பாய்க்குள் போய்விட்டது என்று தெரிந்தது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்து, மூன்றையும் கிழித்தேன். பதின்மூன்றாம் நாள் கமலா என் கையில் பையைக் கொடுத்து வாசலில் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். ஸ்டெல்லா மட்டும் இருந்தார். நான் ஒத்திகை பார்த்த வாக்கியத்தில் பாதியில் நின்றேன். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"ஒங்க ஒயர்ல ஒரு கொறையும் இல்ல சார். போனு ரெண்டும் நூறு இருந்துச்சே. அது யாரு கையில இருக்கணும்ங்கறதுதான் நம்ம மூணு பேருக்குமே தோணல. நானும்தானே என் கையால உள்ள வெச்சுப் பூட்டுனேன்."

சிறிது நேரம் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு சாப்பாட்டுல உப்பு இல்லன்னாக்கூட இப்ப ஒண்ணும் சொல்றதில்ல சார். எனக்கு அது புடிக்கல. அந்தப் பெட்டியிலேருந்து பின் சீட்டு வரைக்கும் இன்னொரு ஒயரு இழுக்க முடியுமா?"

"முடியுங்க. எதுக்கு?"

"நான் ஒக்காரப் போறேன். போனு என் மடியில இருக்கட்டும்."

அன்று என் கை நடுங்கியதா என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒரே நாளில் முடித்தேன். ஒரே ஒரு ஃபியூஸ் கூடுதலாக வைத்தேன், அவ்வளவுதான். கிளம்புகிற காலையில் ஸ்டெல்லா என் போனை வாங்கி ஏதோ அழுத்திக் கொடுத்தார். "நாங்க ரெண்டு பேரும் போயிட்டா பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்ல சார். நீங்க பாருங்க." என் திரையில் காக்கிச் சட்டையில் உங்கள் முகம், ஒரு சின்ன வட்டத்துக்குள், வலங்கைமானை விட்டு நகரத் தொடங்கியது.

பதினொரு நாள். பூம்புகார், முக்கொம்பு, ஈரோடு, மேட்டூர், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று உங்கள் வட்டமான முகம் ஆற்றை ஒட்டி ஏறிக்கொண்டே போனது. நான் மணிக்கு ஒரு முறை நோட்டில் குறித்தேன். "கிரிக்கெட்டுக்குக்கூட இப்படி ஒக்காந்ததில்ல நீங்க" என்றாள் கமலா. மேட்டூரில் நீங்கள் மூன்று மணி நேரம் அசையவில்லை. அழைப்பதற்குப் பதினோரு முறை போனை எடுத்தேன். மலைப் பாதையாக இருந்தால் தொந்தரவாகுமே, தூங்கினால் எழுப்பிவிடுவோமே என்று பதினோரு முறையும் வைத்துவிட்டேன். சாயங்காலம் புள்ளி நகர்ந்ததும்தான் சாப்பிட்டேன். ஒரு முறைகூட அது அணையவில்லை. அதை நான் செய்தேன் என்று நம்புவதற்கு எனக்கு நாளாயிற்று.

தலைக்காவேரியிலிருந்து நீங்களே அழைத்தீர்கள். "வாத்தியாரே, இங்க ஒரு சின்னத் தொட்டிதான் இருக்கு. ஒங்க வீட்டுத் தண்ணித் தொட்டி பெருசு. இத நம்பியா நம்ம ஊரு அம்புட்டும் நடவு நட்டுச்சு?" பின்னால் ஸ்டெல்லா சிரிக்கும் சத்தம் கேட்டது. "மெதுவாப் பேசுங்க, எல்லாரும் கும்புடுறாங்க." பிறகு நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். "கூடவே வந்துட்டேன் வாத்தியாரே."

அடுத்த தை மாதம், அறுவடை நேரத்தில், ஒரு காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. வராததை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

எழுத வேண்டியது வேறொன்று. உங்கள் போனை ஸ்டெல்லா வைத்துக்கொண்டார். அந்தப் புள்ளியை என்னிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. ஆகவே நீங்கள் போன பிறகும் காக்கிச் சட்டை போட்ட உங்கள் முகம் என் திரையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போயிற்று. புதன்கிழமை கடைத்தெருவுக்குப் போயிற்று. பார்ப்பது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று கேட்கவும் இல்லை. தினமும் காலையில் பார்ப்பேன். நீங்கள் வலங்கைமானில் இருப்பீர்கள். போனை வைத்துவிடுவேன்.

போன மாதம் ஒரு நாள் உங்கள் முகம் மங்கிப்போய், கடைசியாகத் தெரிந்தது நேற்று என்று காட்டியது. மறுநாள், இரண்டு நாள் முன்பு என்றது. அழைக்கலாம் என்று போனை எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தேன். அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்கே தெளிவாக இல்லை. தெரிந்தபோது வலங்கைமான் பஸ்ஸில், வீட்டுச் சட்டையோடு, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டெல்லா முற்றத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"என்ன சார், ரெண்டு செருப்பும் ரெண்டு கலரா இருக்கு?"

"புள்ளி... புள்ளி காணோம்."

"சார்ஜர் போயிடுச்சு சார். ரெண்டு நாளாச்சு. யாரு கூப்புடப் போறாங்கன்னு விட்டுட்டேன்." சொல்லிவிட்டுத்தான் அவருக்கு விளங்கியது. கையில் இருந்த புளியைக் கீழே வைத்தார். "அதுக்கா வந்தீங்க? தாராசுரத்துலேருந்தா?"

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தினமும் பார்ப்பதை, சொல்லாமல் இருந்ததை, எல்லாவற்றையும். அவருக்குக் கோபம் வரவில்லை. முதலில் உதடு துடித்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். நீங்கள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இப்பத் தெரியுதா சார், அன்னைக்கு நான் கார்ல எப்படி வந்தேன்னு?"

"தெரியுதுங்க."

"போனு எங்க இருக்குன்னுதான் சார் புள்ளி சொல்லும். நான் எப்படி இருக்கேன்னு தெரியணும்னா கூப்புட்டுக் கேளுங்க."

கடைத்தெருவில் புது சார்ஜர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது தினமும் காலை பத்து மணிக்கு அழைக்கிறேன். முதல் வாரம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். "பேசறதுக்குமா பிளான் போடறீங்க?" என்று கமலா தாளைப் பிடுங்கிக்கொண்டாள். இன்று தாள் இல்லாமல் அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்து, "சொல்லுங்க சார்" என்றார். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டேன். இரண்டு நாளாக ஓடுகிறது, நுரையோடு ஓடுகிறது என்றார். பிறகு கமலாவின் முழங்கால் வலி, அவர் வீட்டுக் கோழி, உங்கள் கோபம், உங்கள் கஞ்சி என்று ஏதேதோ. வைக்கும்போது பார்த்தேன். பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.